வெற்றியும் பற்றின்மையும்: கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் எழுப்பும் ஒரு சமய வினா

ஒரு கல்லூரி அணி போட்டிப் பருவம் முழுவதும் வென்று கிண்ணத்துடன் திரும்பும்போது, அக்கல்லூரி எந்தச் சமயத்தைச் சார்ந்ததாயினும், அதன் சமூகம் முதலிற் செய்வது இறைவனுக்கு நன்றி கூறுவதாகவே இருக்கிறது. கத்தோலிக்கக் கல்லூரியில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. இந்துக் கல்லூரியில் அர்ச்சனை நடைபெறுகிறது. முஸ்லிம் பாடசாலையில் துஆ ஓதப்படுகிறது. கிழக்கிலங்கையின் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் முஸ்லிம்களும் சைவரும் கிறிஸ்தவரும் அயலவராக வாழும் மூதூரில் இம்மூன்றில் எதுவும் யாருக்கும் புதுமையன்று. ஆயினும் இவ்வழக்கத்தினுள் எளிதில் விடைகாண முடியாத மெய்யியல் வினாவொன்று அடங்கியுள்ளது. வெற்றியை இறைவனே தந்தான் என்றால், தோற்ற அணிக்கு அவனே அதை மறுத்தான் என்றும் சொல்லியாக வேண்டும்; வெற்றி ஆட்டக்காரரின் உழைப்பால் மட்டுமே வந்தது என்றால், நன்றி கூறுதல் வெறுஞ்சடங்காகிவிடும். இவ்விரண்டுக்கும் அடியில் இன்னும் ஆழமான இடர் ஒன்றுண்டு. பற்றை விடுதலே ஆன்மிக வாழ்வின் உயர்நிலை என்று பெருஞ்சமயங்கள் பலவும் போதிக்கையில், வெல்லும் வேட்கை இல்லாமல் நடைபெறவே முடியாத ஒரு விளையாட்டை அச்சமயங்களின் துறவியரே மாணவருக்குக் கற்பித்தது எவ்வாறு பொருந்தும்?

இவ்வினாவை ஆராய்வதற்குக் கூடைப்பந்தாட்டம் தகுந்த களமாவதற்குக் காரணம், அது ஒரு சமய நிறுவனத்தினுள்ளேயே பிறந்த விளையாட்டு என்பதாகும். 1891ஆம் ஆண்டு டிசெம்பரில், ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கமாகிய வை.எம்.சி.ஏ.யின் பயிற்சிக் கல்லூரியில் இதை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், மொன்றியலில் இறையியல் கற்றுத் தேறியவர். குளிர்காலத்தில் மண்டபத்தினுள் ஆடத்தக்கதும் முரட்டு மோதலுக்கு இடந்தராததுமான ஆட்டமொன்றை வகுக்குமாறு பணிக்கப்பட்ட அவர், பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதைத் தடைசெய்து, இலக்கைத் தலைக்கு மேலே உயர்த்திவைத்து, பதின்மூன்று விதிகளை எழுதினார். இலக்கு உயரத்தில் இருந்தமையால் உடல்வலியால் மட்டும் அதை எட்ட இயலவில்லை. கைந்நுட்பமும் நிதானமும் வேண்டப்பட்டன. உடலைப் பழக்குவதும் ஒழுக்கத்தைப் பழக்குவதும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்று கருதிய அக்காலப் புரட்டஸ்தாந்து இயக்கத்தின் நம்பிக்கை இவ்விதிகளில் தெளிவாகத் தெரிகிறது. அதே சங்கத்தின் வழியாகவே இவ்விளையாட்டு ஆசியாவுக்கும் வந்தது. சென்னையில் 1920இல் ஹரி குரோ பக் தொடங்கிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தென்னாசியா முழுவதற்கும் பயிற்றுநரை உருவாக்கிய நிலையமாயிற்று. இலங்கையில் கொழும்பு வை.எம்.சி.ஏ. இதற்கு முதற்களமாயிற்று.

கிழக்கிலங்கையில் இவ்விளையாட்டுக்கு வேரும் பெயரும் தந்தவர்கள் கத்தோலிக்கத் துறவியராகிய இயேசு சபையினர் ஆவர். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் நிறுவப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் பிரெஞ்சு இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அப்பணியை அமெரிக்காவின் தென்மாநிலங்களைச் சேர்ந்த நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையினர் ஏற்றனர். திருகோணமலையில் 1867இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பில் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆசிரியராகவும் நிருவாகியராகவும் வந்த இந்த அமெரிக்கர், கணிதத்தையும் ஆங்கிலத்தையும் போலவே கூடைப்பந்தையும் கல்வியின் பகுதியாகக் கொண்டனர். அவர்களுள் லூசியானா மாநிலத்து ஜெனிங்ஸ் என்னும் ஊரில் 1923இல் பிறந்து 1948இல் இலங்கைக்கு வந்த அருட்தந்தை யூஜின் ஜோன் ஹீபேட், இவ்விரு கல்லூரிகளின் கூடைப்பந்து அணிகளுக்கும் பயிற்றுநராக இருந்தவர். கொழும்புக் கல்லூரிகளின் வசதிகளோடு ஒப்பிட முடியாத தொலைதூரக் கடற்கரை நகரங்களின் மாணவர், அவருடைய காலத்தில் தலைநகரின் அணிகளை எதிர்த்து நின்று அகில இலங்கை அளவிற் பெயர் பெற்றனர். அவருடைய சகாவான அருட்தந்தை வெபரின் பெயரை மட்டக்களப்பு விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கிறது.

இத்துறவியர் வெற்றியைக் கற்பித்தனர். ஆனால் அவர்களுடைய சொந்தப் பயிற்சியோ வெற்றியை விரும்பாதிருக்கக் கற்பித்தது. இயேசு சபையின் நிறுவுநராகிய புனித இஞ்ஞாசியார் எழுதி, 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூல், ஒவ்வோர் இயேசு சபைத் துறவியும் முப்பது நாள் மௌனத்தில் இருந்து பயிலும் தியான நெறியை வகுக்கிறது. அதன் வாயிலில் அமைந்துள்ள அடிப்படைக் கொள்கை, படைக்கப்பட்ட பொருள்கள் யாவும் மனிதன் தன் இறுதிக் குறிக்கோளை அடைவதற்கான கருவிகளே என்றும், ஆகவே நலத்துக்கும் நோய்க்கும் இடையிலோ செல்வத்துக்கும் வறுமைக்கும் இடையிலோ புகழுக்கும் இகழ்ச்சிக்கும் இடையிலோ முன்கூட்டியே ஒன்றைப் பற்றிக்கொள்ளலாகாது என்றும் கூறுகிறது. இந்நிலையைச் சபையின் மரபு பற்றின்மை என்று வழங்குகிறது. அது உணர்ச்சியற்ற நிலையன்று. எது உயர்ந்த நன்மைக்கு உதவுகிறதோ அதைத் தேர்ந்தெடுக்க மனத்தைக் கட்டவிழ்த்து வைத்திருக்கும் நிலை. சைவ சித்தாந்தம் கூறும் இருவினையொப்பு இதற்கு நெருங்கிய கருத்தாகும். நல்வினைப் பயனாகிய இன்பத்தையும் தீவினைப் பயனாகிய துன்பத்தையும் ஒரே தன்மையாக நோக்கும் பக்குவம் உயிருக்கு வாய்க்கும்போதுதான் திருவருள் அதனிற் பதிகிறது என்பது அச்சாத்திரத்தின் துணிபு. கோணேசர் கோவிலும் சூசையப்பர் கல்லூரியும் நிற்கின்ற ஒரே நகரத்தில், வெவ்வேறு சொற்களால் போதிக்கப்பட்டது ஏறத்தாழ ஒரே பயிற்சியே.

இப்பயிற்சியும் போட்டி வேட்கையும் ஒன்றோடொன்று மோதுமா, இணங்குமா என்பதைச் சோதிப்பதற்கு, அக்காலத்தின் மிக நன்றாகப் பதிவான அமெரிக்கக் கல்லூரிப் பருவம் ஒன்றை எடுத்துக்கொள்வது பயனுடையது. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1855இல் இயேசு சபையினரால் நிறுவப்பட்ட கல்வி நிலையம். 1950களின் நடுவில் அதன் அணிக்குச் சொந்தமான ஆட்ட மண்டபம்கூட இருக்கவில்லை. அயலிலிருந்த உயர்பாடசாலையின் மண்டபத்தில் பயிற்சி செய்தது. பில் வூல்பேட் பயிற்றுநராக இருந்த அவ்வணி, 1954 டிசெம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திடம் 47க்கு 40 என்ற புள்ளிகளில் தோற்றபின், தொடர்ந்து 60 ஆட்டங்களில் வென்றது. 1954–55 பருவத்தில் 28 வெற்றிகளும் ஒரேயொரு தோல்வியும், 1955–56 பருவத்தில் 29 வெற்றிகளும் தோல்வியின்மையும் அதன் கணக்கு. இரு ஆண்டுகளும் தேசிய வெற்றிக்கிண்ணம் அதற்கே கிடைத்தது. அக்காலத்தில் பந்தை வளையத்தினுள் போடுவதே திறமையெனப் புகழப்பட்டது. இவ்வணியோ எதிரணி பந்தைப் போடாமல் தடுப்பதையே தன் கலையாக்கிக் கொண்டது. அதன் மைய ஆட்டக்காரராக நின்ற பில் ரசல், லூசியானாவில் கறுப்பின மக்கள்மீது விதிக்கப்பட்டிருந்த ஒதுக்கலின் கொடுமையிலிருந்து தப்பி மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் மகன். ஹீபேட் அடிகளார் பிறந்ததும் ரசல் பிறந்ததும் ஒரே மாநிலம். ஆனால் ஒருவர் அருட்பணிக்காக அதைவிட்டு வந்தவர், மற்றவரின் குடும்பம் மானத்தோடு வாழ்வதற்காக அதைவிட்டுச் சென்றது.

இப்பருவத்திலிருந்து எழும் முதல் வினா, இறைவன் ஓர் அணியின் பக்கம் சாய்கிறானா என்பதாகும். 1955 மார்ச்சில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் சான் பிரான்சிஸ்கோ அணி 77க்கு 63 என்று வென்றபோது, அதனிடம் தோற்றது பிலடெல்பியாவின் லா சால் கல்லூரி. அக்கல்லூரியும் கத்தோலிக்கத் துறவியரால் நடத்தப்படுவதே. இரு தரப்பிலும் ஒரே செபம், ஒரே திருப்பலி, ஒரே புனிதர்களிடம் மன்றாட்டு. வெற்றியை வேண்டும் மன்றாட்டு வெற்றிக்குக் காரணமாயின், ஒரே இறைவனிடம் ஒரே நம்பிக்கையோடு கேட்ட இரு சாராருள் ஒருவருக்கு மட்டும் அவன் செவிசாய்த்ததற்கு ஆட்டத்துக்கு வெளியே ஒரு காரணம் கூறவேண்டியிருக்கும். அவ்வாறு கூறத் தொடங்கினால், தோற்றவர் பக்தியிற் குறைந்தவர் என்ற அநியாயமான முடிவிலேயே அது சென்றுமுடியும். இவ்விடர் இஸ்லாமிய மரபிலும் நேராக எதிர்கொள்ளப்பட்டுள்ளது. நபிகள் நாயகத்தின் அள்பா என்னும் பெண்ணொட்டகம் ஓட்டத்தில் எதற்கும் பின்னிடாததாக விளங்கியது என்றும், ஒரு முறை நாட்டுப்புற அரபியர் ஒருவரின் ஒட்டகம் அதை முந்தியபோது தோழர்கள் மனம் வருந்தினர் என்றும், உலகில் உயர்த்தப்பட்ட எதுவும் தாழ்த்தப்படுவது இறைவனின் நியதியே என்று நபிகள் அவர்களைத் தேற்றினார் என்றும் புகாரியின் ஹதீஸ் தொகுப்பு கூறுகிறது. இறைத்தூதரின் சொந்த ஒட்டகமே தோற்கலாம் என்றால், வெற்றியை இறையருளின் அடையாளமாகவும் தோல்வியை அதன் மறுப்பாகவும் வாசிப்பதற்கு இடமில்லை. யோபுவின் வரலாற்றைக் கூறும் விவிலிய நூலும், துன்பத்தைப் பாவத்தின் கூலியாக விளக்கிய நண்பர்களைக் கடிந்துகொள்வதன் மூலம் இதே முடிவுக்கு வருகிறது.

அப்படியானால் வெற்றி முழுவதும் மனித முயற்சியின் விளைவுதானா என்பது இரண்டாவது வினா. தமிழ் மரபில் இவ்வினாவுக்குத் திருக்குறளே இரு முனைகளையும் வகுத்துத் தந்துள்ளது. ஊழ் என்னும் அதிகாரம் விதியைவிட வலியது எதுவுமில்லை என்று முடிகிறது; ஆள்வினையுடைமை என்னும் அதிகாரமோ சோர்வின்றி முயல்பவர் விதியையும் புறங்காண்பர் என்று முடிகிறது. இவை ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும், விளையாட்டுக் களத்தில் இரண்டும் ஒருங்கே உண்மையாவதைக் காணலாம். ரசலின் ஆறடி ஒன்பது அங்குல உயரம் அவர் உழைத்துப் பெற்றதன்று. அவ்வுயரத்தைக் கொண்டு எந்தக் கணத்தில் குதிப்பது, எந்தத் திசையில் பந்தைத் தட்டிவிடுவது என்பதை அறிந்த திறம் பயிற்சியால் வந்தது. ஆனால் அப்பயிற்சிக்கு ஏற்ற உடலும் ஆசிரியரும் தோழரும் ஒரே இடத்தில் வாய்த்தமை மீண்டும் எவராலும் திட்டமிடப்படாதது. முயற்சியின் அடியில் கொடையும், கொடையின் மேல் முயற்சியும் இவ்வாறு அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஆகவே வென்றவர் நன்றி கூறுவது பொருளற்ற சடங்கன்று. ‘எம்மை நீ தேர்ந்தெடுத்தாய்’ என்று பொருள்படும் நன்றிதான் தவறானது. ‘நாம் ஈட்டாத பலவற்றின்மேல் நின்றே நாம் ஈட்டினோம்’ என்று ஒப்புக்கொள்ளும் நன்றி உண்மையானது. முன்னைய நன்றியைத் தோற்ற அணியினர் முகத்துக்கு நேரே சொல்ல இயலாது. பின்னையதை அவர்களும் அருகில் நின்று சேர்ந்து சொல்லலாம். ஆள்வினையுடைமை அதிகாரத்தின் மற்றொரு கருத்து இதற்குத் துணைநிற்கிறது: தெய்வத்தால் கைகூடாத இடத்திலும், உடல் வருந்திய அளவுக்கு முயற்சி தன் கூலியைத் தரும் என்பது அக்கருத்து. புள்ளிப் பலகையில் ஏறாத ஒரு பயன் தோற்ற ஆட்டக்காரருக்கும் உண்டு என்பதே இதன் உட்பொருள்.

மூன்றாவதும் கடினமானதுமான வினா, வேட்கையும் பற்றின்மையும் ஒரே நெஞ்சில் இருக்க முடியுமா என்பது. இங்கே தற்கால மெய்யியல் செய்துள்ள ஒரு பகுப்பு உதவுகிறது. விளையாட்டு என்பது தேவையற்ற தடைகளைத் தாமே விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதாகும் என்று கனடிய மெய்யியலாளர் பேணாட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட நூலில் வரையறுத்தார். பந்தை வளையத்தினுள் இடுவது மட்டுமே நோக்கமாயின் ஏணியொன்றை வைத்து ஏறி இடலாம். அவ்வாறு செய்யாமல், ஓடவும் தட்டவும் எறியவும் மட்டும் அனுமதிக்கும் விதிகளை ஏற்றுக்கொள்வதால்தான் விளையாட்டு உண்டாகிறது. இக்கருத்தை வளர்த்த சி. தி. நுயென் என்னும் அமெரிக்க மெய்யியலாளர், ஆட்டத்தினுள் ஆட்டக்காரர் அடைய முயலும் இலக்கும், அவர் ஆட்டத்தில் இறங்குவதற்கான நோக்கமும் வேறு வேறானவை என்று காட்டினார். வெற்றி இலக்கு, போராட்டத்தால் விளையும் திறமும் தோழமையும் அழகும் நோக்கம். நோக்கம் நிறைவேற வேண்டுமாயின் இலக்கை மனப்பூர்வமாக விரும்பியாக வேண்டும். ஏனெனில் அரைமனத்தோடு ஆடுபவர் தம் ஆட்டத்தை மட்டுமன்றி எதிராளியின் ஆட்டத்தையும் கெடுத்துவிடுகிறார். ஆனால் மணி ஒலித்து ஆட்டம் முடிந்தவுடன் அவ்விலக்கு தன் அதிகாரத்தை இழந்துவிடுகிறது. முழுமையாக விரும்பவும், விரும்பியதை உரிய நேரத்தில் முழுமையாகக் கைவிடவும் கற்பவரே நல்ல ஆட்டக்காரர்.

இவ்வாறு நோக்கும்போது, பற்றின்மை என்பது ஆட்டத்துக்கு வெளியே துறவியர் கொண்டுவந்து சேர்த்த போதனையன்று. ஆட்டம் செம்மையாக ஆடப்படுவதற்கே வேண்டிய குணம். கீதை கூறும் நிஷ்காம கர்மம், அதாவது பயனை உரிமை கொண்டாடாமல் செயலைக் குறைவறச் செய்தல், சோம்பலுக்கான சாட்டாகப் பலமுறை திரிக்கப்பட்டதுண்டு. அத்திரிபை மறுக்கவே, 1897இல் கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குச் சென்ற விவேகானந்தர், வலுவற்ற இளைஞர் கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவதால் விண்ணுலகுக்கு அருகில் செல்வர் என்ற கருத்தைச் சென்னைச் சொற்பொழிவொன்றில் வெளியிட்டார். செயலில் முழுவதும் இறங்காதவருக்குத் துறப்பதற்கு எதுவும் இல்லை என்பதே அவர் சுட்டியது. அவருடைய மரபில் துறவு பூண்ட சுவாமி விபுலாநந்தர், மட்டக்களப்பில் இதே புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றவர் என்பதும், பின்னர் திருகோணமலை இந்துக் கல்லூரிக்குத் தலைமை தாங்கியவர் என்பதும் கிழக்கிலங்கையின் சமய வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை. கத்தோலிக்க மரபில் புனித தோமா அக்குவினாசும், அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி, மிதமான விளையாட்டுணர்வை ஒரு நற்பண்பாகவே வகைப்படுத்தி, விளையாட்டு முற்றிலும் இல்லாத கடுகடுப்பைக் குற்றமாகக் கணித்தார். மரபுகள் வேறாயினும், செயலை விட்டோடுதல் பற்றின்மையாகாது என்பதில் அவை ஒன்றுபடுகின்றன.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். போட்டி மனிதரைத் தூய்மைப்படுத்துகிறது என்பது பயிற்றுநர்களின் கற்பனை; உண்மையில் அது ஆணவத்தையும் பேராசையையும் வளர்க்கிறது என்பது அம்மறுப்பு. அதற்கு ஆதாரமும் அதே காலத்திலேயே கிடைக்கிறது. 1950இல் நியூயோர்க் நகரக் கல்லூரி அணி, அக்காலத்தின் இரு பெரும் தேசியச் சுற்றுப்போட்டிகளையும் ஒரே பருவத்தில் வென்று, வேறெந்த அணியும் செய்யாத சாதனையை நிலைநாட்டியது. அடுத்த ஆண்டே அவ்வணியின் ஆட்டக்காரர் பலர் சூதாட்டக்காரரிடம் பணம் பெற்ற குற்றத்துக்காகக் கைதாயினர். அவர்கள் செய்தது பெரும்பாலும் தோற்றுக்கொடுப்பதன்று. சூதாட்டக்காரர் முன்கூட்டி நிர்ணயித்த புள்ளி வித்தியாசத்தைவிடக் குறைவான வித்தியாசத்தில் வெல்வதற்கு உடன்படுவது. அதாவது, வென்றுகொண்டே ஆட்டத்தைக் காட்டிக்கொடுக்க முடிந்தது. ஒரு செயற்பாட்டின் உள்ளேயே விளையும் நன்மைகளையும், அதைக் கருவியாக்கிப் பெறும் பணம், புகழ் போன்ற புறநன்மைகளையும் வேறுபடுத்திய மெய்யியலாளர் அலஸ்டேயர் மக்கின்ரயரின் பகுப்பைக் கொண்டு பார்த்தால், இங்கே நிகழ்ந்தது தெளிவாகிறது. வெற்றி என்பதே ஒரு புறநன்மையாக மாறிவிட்டபின், அதை விலைபேசுவதற்கு இனித் தடை இருக்கவில்லை. ஆகவே மறுப்பின் பாதியை ஏற்கத்தான் வேண்டும்: வெற்றிமிக்க பருவம் தன்னளவில் எந்த ஒழுக்க மேன்மைக்கும் சான்றன்று.

மறுபாதியை ஏற்க முடியாமைக்குக் காரணம், சான் பிரான்சிஸ்கோ அணி அப்பருவங்களில் ஆட்டத்துக்கு வெளியே எதிர்கொண்ட ஒரு சோதனையாகும். 1954 டிசெம்பரில் ஒக்லஹோமா நகரில் நடந்த சுற்றுப்போட்டிக்கு அவ்வணி சென்றபோது, நகர விடுதிகள் அதன் கறுப்பின ஆட்டக்காரருக்கு இடந்தர மறுத்தன. வெள்ளையின ஆட்டக்காரர் மட்டும் விடுதியில் தங்கியிருக்கலாம். சட்டமும் வழக்கமும் அவர்களுக்கு வசதியாகவே இருந்தன. ஆனால் அணி முழுவதும் அவ்வசதியை மறுத்து, விடுமுறைக்காக வெறுமையாகக் கிடந்த மாணவர் விடுதியொன்றில் ஒன்றாகத் தங்கியது. அம்முடிவால் ஒரு புள்ளியும் கூடவில்லை. வசதி குறைந்தது, ஓய்வு குறைந்தது. ஆட்டத்தினுள் பழகிய ஒன்று, அதாவது தன் நலத்தைவிடப் பொதுச்செயலுக்கு மேலிடம் தரும் குணம், ஆட்டத்துக்கு வெளியிலும் செயற்பட்டது. மறுஆண்டு டிசெம்பரில் அதே அணி நியூ ஓர்லியன்ஸுக்குச் சென்று, கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் அருகருகே ஆடுவது வழக்கமில்லாத அந்நகரில், இயேசு சபையின் லொயோலா பல்கலைக்கழக அணியோடு மோதி வென்றது. 1956இல் லூசியானா மாநிலம் இனங்கள் கலந்து விளையாடுவதையே சட்டத்தால் தடைசெய்தது என்பதிலிருந்து, அத்தகைய ஆட்டங்கள் எதை அசைத்தன என்பதை உணரலாம்.

இங்கே சமயத்தவர்க்கு உரிய தன்னாய்வும் தவிர்க்க முடியாதது. மானிடர் யாவரும் இறைவனின் சாயல் என்று போதித்த அதே சபையின் தென்மாநிலக் கல்லூரிகள், நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தமிழ் மாணவரோடு ஒரே களத்தில் நின்று பயிற்சியளித்த துறவியர் அச்சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்களே. அவர்கள் கடல் கடந்து இங்கே செய்ததைத் தம் தாயகத்தில் அவர்களுடைய நிறுவனங்கள் செய்யத் தயங்கின. பற்றின்மை தனிமனிதரின் பூசையறைப் பண்பாக மட்டும் சுருங்கிவிடும்போது, தன் சமூகம் தனக்கு இலவசமாகத் தரும் மேலிடத்தை அது கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. கிண்ணத்தின்மீது பற்றில்லை என்று கூறுவது எளிது, தன் இனத்தின் வசதிமீது பற்றில்லை என்று காட்டுவதே அரிது. இருவினையொப்பைப் பேசும் சைவச் சமூகம் சாதியின் வசதியை எவ்வாறு கையாண்டது என்ற வினாவும், உம்மத் என்னும் நம்பிக்கையாளர் சமூகத்தின் சமத்துவத்தைப் பேசும் முஸ்லிம் சமூகம் தன்னுள் எளியவரை எவ்வாறு நடத்துகிறது என்ற வினாவும் இதே இடத்திலிருந்துதான் எழுகின்றன.

ஹீபேட் அடிகளாரின் பிற்கால வாழ்வு இவ்வினாவுக்குக் கிழக்கிலங்கை மண்ணிலேயே தரப்பட்ட விடையாகக் கொள்ளத்தக்கது. போர்க்காலத்தில் அவர் மட்டக்களப்பில் இளைஞருக்குத் தொழிற்கல்வி அளித்தும், காணாமற்போனோருக்காகவும் கைதானோருக்காகவும் குரல்கொடுத்த குழுக்களில் பங்கேற்றும் வந்தார். 1990 ஓகஸ்டில் கிழக்கு மாகாணத்தில் தமிழரும் முஸ்லிம்களும் மாறிமாறிக் கொல்லப்பட்ட நாட்களில், ஆபத்தில் இருந்தவர்களுக்கு உதவும்பொருட்டு அவர் வாழைச்சேனைக்குச் சென்றார். ஓகஸ்ட் 15ஆம் திகதி, தமிழ் இளைஞர் ஒருவரோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவர் திரும்பி வரவில்லை; இருவரும் இன்றுவரை காணாமற்போனோரே. அமெரிக்கக் குடியுரிமை கொண்ட அறுபத்தாறு வயதுத் துறவி, நாட்டைவிட்டு வெளியேறியிருக்கலாம். ஆனால் அவர் வெளியேறவில்லை. கூடைப்பந்து அவரை அவ்வாறு ஆக்கியது என்று கூறுவது மிகையாகும். ஆனால் உயிருக்கும் இறப்புக்கும் இடையிலேயே பற்றின்றி நிற்கக் கற்ற ஒருவர்தான் சிறுவருக்கு வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே நிற்கக் கற்பித்தார் என்பது மறுக்க முடியாதது. களத்தில் அவர் கேட்ட முழு உழைப்பும், தம் வாழ்வில் அவர் காட்டிய முழுக் கையளிப்பும் ஒரே பயிற்சியின் சிறியதும் பெரியதுமான வடிவங்கள்.

மூதூருக்கு இவ்வாராய்ச்சி அயலான விடயமன்று. 1990இலும் 2006இலும் இடப்பெயர்வையும் உயிரிழப்பையும் கண்ட அந்த ஊரில், வெவ்வேறு சமயத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒரே விதிகளுக்குக் கட்டுப்பட்டு எதிர்கொள்ளும் இடங்கள் மிகச் சில. விளையாட்டு மைதானம் அவற்றுள் ஒன்று. அங்கே எதிரணி என்பது பகையன்று. நம் திறமையை வெளிக்கொணர்வதற்கு இன்றியமையாத பங்காளி. எதிரணி முழுமனத்தோடு நம்மைத் தோற்கடிக்க முயல்வதே அது நமக்குச் செய்யும் மரியாதை. இந்த உண்மையைப் பயின்றவர்கள் மைதானத்துக்கு வெளியில் யாவரும் உடன்பிறப்பாகிவிடுவர் என்று எதிர்பார்ப்பது பேதைமை. லூசியானாவின் வரலாறு அதைக் காட்டிவிட்டது. ஆயினும் பயின்றிராதவர்களிடம் அதை எதிர்பார்க்கவே இயலாது.

ஆகவே முதலில் எழுப்பிய வினாவுக்கான தீர்ப்பை இவ்வாறு வகுக்கலாம். வெற்றி இறைவனின் தேர்வுக்கு அடையாளமன்று. தோல்வி அவனுடைய மறுப்பும் அன்று. வெற்றியை முழுமையாக விரும்புவது ஆன்மிகத்துக்குத் தடையன்று; விரும்பியதை விடமுடியாமையே தடை. ஒரு பருவம் சமய நோக்கில் வெற்றிகரமானதா என்பதை அறிய வேண்டுமாயின் கிண்ண அலுமாரியைத் திறந்து பார்ப்பதிற் பயனில்லை. அவ்வணியினர் தமக்குச் சார்பான அநீதியொன்றை எதிர்கொண்டபோது என்ன செய்தனர் என்றே கேட்க வேண்டும். வென்ற அணிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் குருவும், அர்ச்சனை செய்விக்கும் அதிபரும், துஆ ஓதும் மௌலவியும் அந்நன்றியின் சொற்களை ஒருமுறை எடைபோட்டுப் பார்ப்பார்களாக. தோற்ற அணியின் பிள்ளைகளும் உடனிருந்து ‘ஆமென்’ என்றோ ‘ஆமீன்’ என்றோ ‘அப்படியே ஆகுக’ என்றோ மனக்குறையின்றிச் சொல்லக்கூடிய நன்றி மட்டுமே இறைவனுக்கு உரியது.